குலுக்கினால் கேட்க வேண்டிய சத்தம்

என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு வால்வுக்காக ஒரே நாளில் இரண்டு மாநிலங்களில் சண்டை போட்டவன் நான். காலையில் கேரளத்தில், மலையாளத்தில். மதியம் தமிழ்நாட்டில், தமிழில். இரண்டு இடத்திலும் நியாயம் என் பக்கம்தான் என்று அடித்துச் சொன்னேன். இரண்டு கடைக்காரர்களும் என்னைத் திருப்பித் திட்டவில்லை. ஒரு மாதிரிப் பார்த்து அனுப்பினார்கள். அது இரக்கப்பட்ட பார்வை என்பது சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது.

சிரிக்க வேண்டிய கதைதான். எங்கள் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். நானும் கூடவே சிரிக்கிறேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது.

எல்லையை ஒட்டிக் கேரளப் பக்கம், பாறசாலைக்கும் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்கும் நடுவில் எங்கள் வீடு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இருபத்தேழு வருடமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு அப்போது இரண்டு பெருமைகள் இருந்தன. முதலாவது, என் வகுப்பில் சத்தமே இருக்காது. மற்ற வாத்தியார்கள் மேசையைத் தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்து திரும்புவார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று எழுதினால் பின்னால் பரிபூரண அமைதி. கடைசி மூன்று நான்கு வருடமாகத்தான் இந்த அமைதி வந்திருந்தது. வயது ஏற ஏற ஒரு வாத்தியாருக்குக் கம்பீரம் கூடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பெருமை, வண்டியின் சத்தத்தை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவேன். வளைவில் லாரி திரும்பும்போதே, "கிளட்ச் போச்சு" என்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உதைத்தால், "சைலன்சரில் ஓட்டை" என்பேன். (அது எல்லாருக்கும் தெரியும். ஊருக்கே கேட்டது.) என் நண்பன் சசி உதியன்குளங்கரையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். "எலே ஸ்டீபா, ஒனக்க காது எனக்கிருந்தா நான் இன்னும் ரெண்டு கடை போட்டிருப்பேன்" என்று ஒரு தடவை சொன்னான். அவன் கிண்டலாகச் சொன்னானா என்று நான் யோசித்ததே இல்லை.

இந்தக் காதோடுதான் என் மகன் ஜெபினை விசாரித்தேன்.

அவன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வருடப் பரீட்சைக்கு அவன் போகவே இல்லை என்பது, முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலையில் குளித்து, சாப்பிட்டு, ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான். ஐந்து பரீட்சைக்கும் இப்படியே.

முன்னறையில் அவனை நிறுத்தினேன்.

"எலே, ஏன் எழுதல்ல?"

குனிந்து நின்றான்.

"ஒனக்கிட்டயாக்கும் கேக்கியேன். வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அவன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை மூக்கைத் துடைத்தான். மூன்றாவது முறையும் கேட்டேன். அதற்கும் அவன் தலை நிமிரவில்லை. இருபத்தேழு வருடத்தில் எந்தப் பிள்ளையும் என் கேள்விக்கு இப்படி மௌனமாக நின்றதில்லை. அது திமிர் என்று முடிவு செய்தேன்.

"பதில் சொல்ல முடியாதவன் இந்த வீட்டுல இருக்கண்டாம். இறங்கிப் போ" என்றேன்.

என் மனைவி லில்லி சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் என் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தே போனான். ஏப்ரல் மாத வெயில். கார் முற்றத்தில் நின்றது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பெங்களூரில் எங்கள் சபைக்காரர் ஒருவரின் மகன் கார் ஒர்க்ஷாப் நடத்துகிறான், அங்கே சேர்ந்துவிட்டான் என்று லில்லி ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். அவன் அவளுக்குத்தான் போன் செய்வான். எப்போதாவது என் கையில் கொடுப்பாள். லைன் சரியாக இருக்காது. நான், "சரி, சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், அடுப்படியில் நின்றுகொண்டு லில்லி என் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னாள். "ஜெபின் நாளைக்கு வாறான். மதியத்துக்க மேல பாறசாலையில இறங்குவான்."

அப்போதே முடிவு செய்தேன். நடந்து போனவனை நான் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். வேறு யாரும் போகக் கூடாது, ஆட்டோவும் கூடாது. என்ன பேச வேண்டும் என்பதையும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். "போட்டு மக்கா. வா, வீட்டுக்குப் போலாம்." அவ்வளவுதான். போனது போகட்டும் என்பதை அப்படிச் சொல்லிவிட்டால் போதும், மற்றதைக் கார் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

காருக்குத்தான் உடம்பு சரியில்லை. பதினெட்டு வயதான சின்ன கார். ஓடும்போது பிரச்சினை இல்லை. நின்றால் எஞ்சின் ஏறி இறங்கும், ஏறி இறங்கும், பிறகு விக்கல் எடுத்ததுபோல் ஒரு துள்ளல், அணைந்துவிடும். சசியிடம் காட்டலாம் என்றால் அவன் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போயிருந்தான். ஆகவே நானே இறங்கினேன். ஜெபின் இப்போது ஒர்க்ஷாப்காரன். அப்பனுக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

இரவில் போனில் ஒரு மலையாள வீடியோ பார்த்தேன். மீசைக்காரர் ஒருவர் நோயை அப்படியே சொன்னார். கிராங்க் கேஸின் காற்றோட்ட வால்வு.

விஷயம் எளிதுதான். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் புகை பிஸ்டனின் ஓரமாக நழுவிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அந்த அறைதான் கிராங்க் கேஸ். புகை அங்கேயே அடைந்து கிடந்தால் ஆயில் கெடும், அழுத்தம் ஏறும், எங்கேயாவது ஒரு சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வடியும். அதனால் அந்தப் புகையை ஒரு ரப்பர் குழாய் வழியாக உறிஞ்சி, எஞ்சின் காற்றை இழுக்கும் வழிக்கே அனுப்பி மறுபடியும் எரித்துவிடுகிறார்கள். அந்தக் குழாயின் வாசலில் நிற்கும் காவல்காரன் இந்த வால்வு. வண்டி நின்றபடி ஓடும்போது கொஞ்சமாக விடுவான், வேகம் எடுத்தால் தாராளமாக விடுவான். அவனுக்குள்ளே ஒரு சின்ன உலோகத் துண்டும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. அந்தத் துண்டு திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் நின்று ஓடும்போது காற்று அதிகமாகி எஞ்சின் தடுமாறும்.

சோதிக்க இரண்டு வழி சொன்னார். எஞ்சின் ஓடும்போது வால்வைப் பிடுங்கி அதன் வாயில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்து, வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கிலுங்க வேண்டும். கிலுங்காவிட்டால் வால்வு செத்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு வால்வைக் குலுக்கிக் காட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனைக் காதில் ஒட்டி வைத்துக்கொண்டேன்.

லில்லி எழுந்து வந்தாள். "அதை ஒண்ணு குறைக்குங்க. அடுத்த வீட்டு நாய் குரைக்கத் தொடங்கியாச்சு."

"போன் ஸ்பீக்கர் சரியில்ல" என்றேன். (அந்தப் போன் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.)

விடிந்ததும் பானட்டைத் திறந்தேன். எஞ்சின் ஓட, அதன் மேல்மூடியில் செருகியிருந்த வால்வைப் பிடுங்கி அதன் வாயில் விரலை வைத்தேன். அட்டை கவ்வியதுபோல் இழுத்தது. முதல் சோதனையில் தேறிவிட்டது. எஞ்சினை அணைத்தேன். வால்வைக் குழாயிலிருந்து இழுத்தேன், வரவில்லை. முறுக்கி, நெளித்து, பல்லைக் கடித்து இழுத்து எடுத்தேன். காதோரம் வைத்துக் குலுக்கினேன்.

ஒன்றுமில்லை. செத்த வண்டு மாதிரி கையில் கிடந்தது.

விரல் உண்மையைச் சொன்னது. நான் காதை நம்பினேன்.

நெய்யாற்றின்கரையில் உதிரி பாகக் கடை. கல்லாவில் என் வயதுள்ள ஓர் அம்மா, மூக்கு நுனியில் கண்ணாடி. புது வால்வு எடுத்துக் கொடுத்தார். குலுக்கினேன். சத்தமில்லை.

"இதும் ஜாமாயதாணு" என்றேன். இதுவும் ஒட்டிக்கொண்டதுதான் என்று.

"அய்யோ சாரே, இப்போ பெட்டி பொட்டிச்சதல்லே?" இப்போதுதானே பெட்டியைப் பிரித்தேன் என்று அவர் வாங்கிக் குலுக்கினார். "கேட்டில்லே?"

"இல்ல."

"இப்போழோ?"

"இல்லெந்நு பறஞ்ஞில்லே!" இல்லை என்றுதான் சொன்னேனே என்று கத்தினேன்.

வைப்பர் வாங்க வந்த ஒருவர் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கூட்டு என்று எனக்குப் பட்டது. வாடிக்கையாளரை ஏமாற்றினால் எந்தக் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றேன். (எனக்குத் தெரியாது.) அவர் கோபப்படவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சாரே, ரோட்டில நல்ல ஒச்சை. வீட்டில் கொண்டு போய், சமாதானமாய் குலுக்கி நோக்கு."

ரோட்டில் என்ன பெரிய சத்தம்? எனக்கு அமைதியாகத்தான் இருந்தது. அத்தாட்சிக்கு இருக்கட்டும் என்று அந்த வால்வை வாங்கி, ஓரமாக நிறுத்திய காரில் மாட்டினேன். எஞ்சின் முன்னைவிட மோசமாகத் துள்ளியது. அப்படியானால் இது போலிதான், சந்தேகமே இல்லை. மறுபடியும் முறுக்கி, நெளித்து, பிடுங்கினேன். சசிக்குப் போன் செய்தேன்.

"எலே, நான் பம்பையில நிக்கியேன். கூட்டமாக்கும். சீக்கிரம் சொல்லு."

"புது வால்வு கிலுங்க மாட்டேங்குது."

"போனுக்கப் பக்கத்துல வச்சுக் குலுக்கு பாப்பம்."

குலுக்கினேன்.

"கேக்குதே மக்கா! நல்லா கிலுங்குதே!"

"அது ஒனக்கப் பக்கத்துல எவனோ மணி அடிக்கியான்."

"இஞ்ச எவம்லே மணி அடிக்கான்? சாமியே..." என்று தொடங்கியவன் வேறு ஏதோ சொன்னான். எனக்குப் பிடிபடவில்லை. கூட்டத்தில் லைன் போய்விட்டது என்று நான் வைத்துவிட்டேன். குழாயைப் பார், குழாயைப் பார் என்று மூன்று முறை கத்தியதாக அவன் இன்றும் ஐயப்பன் மேல் சத்தியம் செய்கிறான்.

எங்கள் எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. சாமான் சரியில்லை என்றால் உடனே அந்தக் கரைக்குப் போய்விடுவோம். இந்தக் கரைக்காரர்கள் அந்தக் கரைச் சாமான் எல்லாம் போலி என்பார்கள். அந்தக் கரையில் இதையே திருப்பிச் சொல்வார்கள். இடையில் ஒரு செக்போஸ்ட்தான். நானும் பழைய வால்வையே மாட்டிக்கொண்டு களியக்காவிளைக்கு வண்டியை விட்டேன். வழியில் நான்கு முறை அணைந்தது.

களியக்காவிளைக் கடைக்காரர் என் கையிலிருந்த வால்வைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நெய்யாற்றின்கரைச் சாமானா? அதெல்லாம் டூப்ளிக்கேட்டாக்கும் சாறே. அசல் நான் தாறேன்."

எனக்கு அவர்மேல் அன்பு பொங்கியது. அவர் புதிதாக ஒன்றை எடுத்து, தன் காதோரம் குலுக்கி, தேன் குடித்தவர் மாதிரி கண்ணை மூடித் திறந்தார். "பாத்தியளா? மணி மாதிரி."

வாங்கிக் குலுக்கினேன். அன்பு போய்விட்டது.

"ஓய், இதும் டூப்ளிக்கேட்டுதான்!"

"என்ன சாறே சொல்லுதிய? கிலுங்குதே!"

"எங்க கிலுங்குது? ஆளைப் பாத்தா ஏமாளியாத் தெரியுதா ஒமக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு கல்லாவிலிருந்து எழுந்து கிட்ட வந்து, சத்தமாகக் கேட்டார். "சாறே, வீட்டுல வேற ஆள் உண்டுமா? இருந்தா ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"ஆளைக் கூட்டிட்டு வாறதா? மிரட்டுதீரா?" என்று கத்தினேன். அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வால்வையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். மாட்டினேன். இப்போது வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் அணைந்தது. சுற்றிலும் ரப்பர் மரம் நிற்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒரு ரப்பர் குழாயைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பாறசாலை ரயிலடிக்குப் போய்ச் சேரும்போது ரயில் வந்து போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஜெபின் வெளியே சிமென்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது. கண்ணாடி முன்னால் பழகியது எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"வண்டி கொஞ்சம் லேட்டாயிப் போச்சு" என்றேன். நான்தான் ரயில் என்பதுபோல.

குனிந்து பையை எடுத்தபடி அவன் ஏதோ சொன்னான்.

"என்ன?"

நிமிர்ந்தான். "சாரமில்லப்பா" என்றான், பரவாயில்லை என்று.

ஏறி உட்கார்ந்தான். நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எழுந்தது, துள்ளியது, அணைந்தது. மறுபடியும். மறுபடியும். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து ஜன்னலில் தலையை நீட்டினார்.

"சாறே, உள்ள பாம்பு கீம்பு கேறியிருக்கா? உஸ்ஸுன்னு சீத்தம் கேக்குதே."

"பாம்பாவது ஒண்ணாவது, போங்க ஓய்" என்றேன்.

ஜெபின் இறங்கிப் பானட்டைத் திறந்தான். நானும் இறங்கி என் பாடத்தை ஆரம்பித்தேன். வால்வு, காவல்காரன், புகை, இரு மாநிலத்துப் போலிச் சாமான் வியாபாரம். பையிலிருந்த இரண்டையும் எடுத்து அவன் கையில் வைத்தேன். அவன் ஒன்றைக் குலுக்கினான். மற்றதைக் குலுக்கினான். வண்டியில் மாட்டியிருந்ததையும் கழற்றிக் குலுக்கினான்.

"மூணும் நல்லதாக்கும்" என்றான்.

"எப்படிச் சொல்லுக?"

"கிலுங்குதே."

"நீயுமா?" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். உலகமே சேர்ந்து எனக்கு எதிராக ஒரு பொய்யைச் சொல்கிறது, என் மகனும் அதில் சேர்ந்துவிட்டான்.

அவன் பழைய வால்வையே மாட்டி, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். எஞ்சின் அணைவதற்குள் குழாயின் அடிப்பக்கம் விரலைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் அழுத்தினான். எஞ்சின் சட்டென்று சீராயிற்று. விரலை எடுத்தான், துள்ளியது. வைத்தான், சீராயிற்று.

"இஞ்ச கீறியிருக்கு. அதுவழி காத்து கேறுது. இந்தச் சீத்தம் கேக்கலியா அப்பா? ஆட்டோக்காரருக்கே கேட்டுதே."

முதலில் மயிரிழை அளவுக்குத்தான் கீறியிருந்ததாம். நான் முறுக்கி நெளித்துப் பிடுங்கிய ஒவ்வொரு தடவையும் நீண்டிருக்கிறது. குழாய் கொஞ்சம் நீளமாகவே இருந்தது. பையிலிருந்து பிளேடு எடுத்துக் கீறிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தள்ளி மாட்டினான். கார் பூனை மாதிரி ஓடியது. எனக்குச் சந்தோஷம். கிளம்பலாம் என்றேன்.

அவன் ஏறவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு வால்வை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றான்.

"கண்ணை மூடுங்க. சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க."

இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளைக் கை தூக்கச் சொன்னவன் ஆட்டோ ஸ்டாண்டு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணைத் திறந்தேன். அவன் எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தான். கை தொங்கிப்போயிருந்தது.

"ஏம்லே, தொடங்கலியா?"

"முடிஞ்சுப்பா" என்றான்.

அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது. வேறு எதையோ அவன் கூட்டிக் கழித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. கணக்கு வாத்தியார் நான். விடை அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது.

"அண்ணைக்கு முன்னறையில வச்சு நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுதா?"

"நீ எங்க சொன்னே? வாயத் திறக்கலியே."

"மூணு தடவை சொன்னேன்."

அந்த முன்னறை கண்முன் வந்தது. குனிந்த தலை, தரையைப் பார்த்த கண், மூக்கைத் துடைத்த கை. எதிரில் நின்று முகம் பார்த்துப் பேசுகிறவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு விளங்கிக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது. குனிந்து பேசுகிறவன் எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான்.

"என்ன சொன்னே மக்கா?"

"இனி எதுக்குப்பா..."

"சொல்லு."

சொன்னான். தலை தானாகக் குனிந்துவிட்டது, அவன் பழக்கம் அப்படி. எனக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னான். அப்போதும் ஒன்றிரண்டு சொல்தான் வந்தது. நான் காதுக்குப் பின்னால் கையை வளைத்து வைத்துக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தேன். அவன் கத்தினான்.

"எனக்குப் பயமா இருந்துதப்பா! ஹாலுக்குள்ள கேறினா எனக்க கை வெறைக்கும்! பேனா பிடிக்க ஒக்காது! என்னைய ஒரு டாக்டருக்கிட்டக் கூட்டிட்டுப் போவியளான்னு கேட்டேன்!"

ஆட்டோக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாம்பைப் பற்றிக் கேட்டவர் மட்டும் மற்றவர்களை அதட்டித் திரும்ப வைத்தார்.

காதோடு காதாகச் சொல்ல வேண்டியதை ரயிலடியில் கத்திச் சொல்ல வைத்தேன் என் பிள்ளையை. அவன் முன்னறையில் மூன்று முறை என்னிடம் உதவி கேட்டிருக்கிறான். மூன்றாவது முறைக்கு நான் கொடுத்த பதில், இறங்கிப் போ. இந்த எட்டு மாதமும், அப்பா கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய காருக்கு அடியில் படுத்துக் கிடந்திருக்கிறான்.

"போட்டு மக்கா" என்று சொல்லத்தானே வந்தேன்? அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது. அவன்தான் சொன்னான். "போட்டுப்பா. வாங்க, வீட்டுக்குப் போலாம்." சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். வண்டியை அவனே ஓட்டினான். வழி முழுக்க ஒரு தடவைகூட அணையவில்லை.

லில்லியிடம் சொன்னபோது அவள் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கேட்டுட்டாக்கும் அப்படிச் சொன்னியன்னு நினைச்சேன். இப்படியும் ஒரு கல்லு உண்டுமான்னு... எட்டு மாசமா நான் ஒங்களுக்கிட்ட ஒழுங்காப் பேசல்ல, தெரியுமா?"

"எனக்குத் தெரியல்லியே" என்றேன்.

சத்தியமாகத் தெரியாது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன சுடுசொல் எதுவும் என்னிடம் வந்து சேரவில்லை. அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஜெபின் என்னைக் காது டாக்டரிடம் கூட்டிப் போனான். (அவனை நான் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும்.) கண்ணாடி அறைக்குள் மறுபடியும் கை தூக்கும் பரீட்சை. அதிலும் தேறவில்லை. தடித்த சத்தம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிய சத்தம்தான் போய்விட்டது, பல வருடமாகவே போய்க்கொண்டிருந்திருக்கும் என்றார் டாக்டர். லாரி கேட்கும். கிலுக்கம் கேட்காது. சீத்தம் கேட்காது. குனிந்த தலையிலிருந்து வருவது கேட்காது.

காதில் மெஷின் மாட்டிக்கொண்டு முதல் நாள் வகுப்புக்குப் போனேன். கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்னால் ஒரு சந்தை கூடியிருந்தது. ஒருவன் பாடிக்கொண்டிருந்தான், நன்றாகவே பாடினான். என் கம்பீரத்தின் கதி அது. திரும்பி மேசையைத் தட்டப் போன கையை இறக்கிக்கொண்டேன். குனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத்தான் தேடினேன். இப்போதும் முதலில் அவர்களிடம்தான் போகிறேன். பக்கத்தில் போய்க் குனிந்து, "சொல்லு மக்கா" என்கிறேன். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜெபின் புது வருடம் முடிந்து பெங்களூர் திரும்பினான். அங்கே ஒரு டாக்டரைப் பார்க்கிறான் என்று லில்லி சொன்னாள். பரீட்சை எழுதுவானா என்று நான் கேட்கவில்லை. பழைய வால்வு இன்றும் காரில்தான் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. நெய்யாற்றின்கரை வால்வு எங்கள் சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூப்பிட்டும் நான் திரும்பாவிட்டால் லில்லி அதை எடுத்துக் குலுக்குவாள். களியக்காவிளை வால்வை அவன் கொண்டு போயிருக்கிறான். வீடியோ காலில் நான் வந்தால் முதலில் அதைக் குலுக்குவான். "கேக்குதா?" நான் கை தூக்க வேண்டும். தூக்கினால்தான் பேசுவான்.

சொந்தக்காரர்கள் கூடினால் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி அவனைத்தான் கேட்பார்கள். "எங்கப்பா ரெண்டு ஸ்டேட்டிலயும் சண்டை பிடிச்சவராக்கும்" என்று ஆரம்பிப்பான். பம்பையில் நின்ற சசி, கும்பிட்டுவிட்டு உள்ளே போன கடைக்காரர், வண்டிக்குள் பாம்பு, எல்லாம் வரும். என்னைப்போலவே கண்ணை மூடி நின்று காட்டுவான். "ஏம்லே, தொடங்கலியா?" என்று என் குரலில் கேட்பான். "முடிஞ்சுப்பா" என்பான். வீடு குலுங்கும். சசி வயிற்றைப் பிடித்துக்கொள்வான்.

அந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாருக்கும் சொன்னதில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு நிமிடம் தலையைக் குனிந்துகொள்வான். நான் சிரிப்பை நிறுத்திவிட்டு, மெஷின் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.